சூடத்தின் முன்னால் மகேனின் முகம்

முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று முப்பது வருஷமாகப் பீற்றிக்கொண்டவள் நான். என் பேர் நீலாவதி. ரிங்லெட் டவுனுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஆயாக்கொட்டகை என் பொறுப்பு. அம்மாமார் வேலைக்குப் போனதும் பிள்ளைகளை அங்கே என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். யார் யாரைக் கடித்தது, யார் பிஸ்கட் டின்னைத் திறந்தது என்று நான் விசாரிப்பதே கிடையாது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பேன். கள்ளப்பயல் முகம் தானாகக் காட்டிக் கொடுத்துவிடும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தத் திமிரில்தான் போன வருஷம் வளர்ந்த மனுஷன் ஒருவனை வரிசையில் நிறுத்தினேன். அதை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார்கள்.

அவன் பேர் மகேன். வயது நாற்பத்தொன்று. மலையில் வெட்டிய கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கு வருகிற லோரியை ஓட்டுவது அவன்தான். நல்ல உழைப்பாளி. மழையோ மூடுபனியோ, காலை ஆறரைக்கு லோரி சத்தம் கேட்கும். ஆனால் ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம். மூட்டையை நிறுக்கும்போது எல்லா டிரைவர்களும் கீழே இறங்கி வந்து வம்பளப்பார்கள். இவன் மட்டும் உள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியைப் பாதி இறக்கிச் சீட்டை நீட்டுவான். உச்சி வெயிலிலும் காதை மூடிய கம்பளிக் குல்லா. டவுனில் உமர் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பசியாறப் போனால் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவான். "அந்தச் செவத்துல டிவிகூட இல்ல, எட்டு வருஷமா என்னத்தம்மா பாக்குறாரு?" என்று உமர் பாய் ஒரு தடவை என்னிடமே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

இருபது வருஷ சேவைக்கு எஸ்டேட்டில் கடிகாரம் கொடுத்தார்கள். மேடைக்குப் போய் வாங்கியது அவன் பெண்டாட்டி சாந்தினி. கங்காணி வேலை அவனைத் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டான். கங்காணி என்றால் விடிகாலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் நின்று பேர் கூப்பிட வேண்டுமே. சம்பளம் கூடும் வேலையை எவனாவது வேண்டாம் என்பானா? "திமிர் பிடிச்சவன்" என்றார்கள் சிலர். "சோம்பேறி" என்றார்கள் சிலர். நான் "உள்ளே ஏதோ இருக்கு" என்றேன். ஏதோ இருந்தது உண்மைதான். அது என்னவென்றுதான் தெரியவில்லை.

இப்போது யோசித்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கோவிட் காலத்தில் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோமே, அந்த இரண்டு வருஷம் மகேன் வேறு ஆளாக இருந்தான். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தான். எங்கள் கோயில் கூட்டத்தில் எழுந்து கேள்விகூடக் கேட்டான். நமக்கெல்லாம் மூச்சு முட்டியது, இவனுக்கு மட்டும் அப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவளாக இருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் சாவி அவன் கைக்குப் போனது. அவன் வீடு லயன் வீட்டு வரிசையில் கடைசி, கோயிலை ஒட்டியது. கோயிலுக்குத் தலைவர், பூசாரி இரண்டும் எங்கள் இராமையா அண்ணன்தான். ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி மகேனிடம். காலையில் திறப்பது, பெருக்குவது, விளக்கில் எண்ணெய் ஊற்றுவது எல்லாம் மகேன். யாரும் பார்க்காத நேரத்து வேலை, அவனுக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அம்மன் மூக்குத்தியைக் காணோம். மிளகு அளவு வெள்ளைக்கல் மூக்குத்தி, எஸ்டேட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து செய்து போட்டது. வெள்ளிக்கிழமை பூஜையில் இருந்தது, சனிக்கிழமை காலையில் இல்லை. இராமையா அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போனால் டவுனே சிரிக்கும் என்றார். கோயில் கமிட்டி செயலாளர் என்கிற முறையில் நான் வாயைத் திறந்தேன். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவோம். எல்லாரும் வரட்டும். எடுத்தவன் மூஞ்சி அங்கேயே தெரிஞ்சிரும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மிஞ்சிய கோர்ட்டு இல்லை. அம்மன் முன்னால் தட்டில் சூடம் எரியும். "நான் எடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அந்தச் சூடத்தை அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். திருடினவனைக்கூட ஒரு நாள் மன்னிப்பார்கள், அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பது பேர்போல வந்தார்கள். ஒவ்வொருவராக அடித்தார்கள். இராமையா அண்ணன் புதுச் சூடம் வைத்து வைத்துக் கொளுத்தினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், போலீஸ்காரி தோற்றாள். மகேன் கடைசியில் நின்றான். கோயிலுக்குள் என்பதால் தலையில் குல்லா இல்லை. அவன் முறை வந்தது. கையை நீட்டினான். கை பாதியில் நின்றது. குனிந்துகொண்டே இருந்தான்.

"அடி தம்பி" என்றார் இராமையா அண்ணன்.

"நான்தான் எடுத்தேன்" என்றான் மகேன்.

சாந்தினி "என்னாங்க!" என்று கத்தினாள். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு ரிங்லெட் டேமில் விழுந்துவிட்டது என்றான். சாவியை உருவி தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: சந்தோஷமாக இருந்தது. பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், நான் சொன்னேனா இல்லையா என்று நாலு பேரிடம் சொன்னேன். அதோடு விட்டேனா? வருஷா வருஷம் மாவிளக்குக்கு மாவு இடிப்பது சாந்தினிதான். அவளிடம் போய், "இந்த வருஷம் நீ வர வேணாம்மா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று சொன்னதும் நான்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

பதினோராம் நாள் மத்தியானம் பாஞ்சாலை ஆயாக்கொட்டகைக்கு ஓடி வந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி, காய்கறித் தோட்டத்தில் வேலை. ஒரு தோளில் சேலை தொங்குகிறது, மூச்சு இரைக்கிறது. "அக்கா, என்னையத் திட்டாதீங்க. மொதல்ல இதப் பாருங்க" என்று சேலைத் தலைப்பை விரித்தாள். சரிகையில் மூக்குத்தி மாட்டிக்கொண்டு மினுங்கியது.

எங்கள் கோயிலில் அம்மனுக்குக் கட்டிய சேலையை வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் களைந்து, முறை வைத்து ஒரு பெண்ணுக்குக் கொடுப்போம். அந்த வெள்ளி பாஞ்சாலை முறை. திருவிழாவன்று கட்டலாம் என்று மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துவிட்டாள். ஓரம் அடிக்க அன்றுதான் எடுத்திருக்கிறாள், தோளில் போட்டதும் குத்தியிருக்கிறது. சேலையைக் களைந்து மடித்துக் கொடுத்தது யார்? இராமையா அண்ணன். கண்ணாடி போடச் சொன்னால் கேட்டால்தானே!

பிள்ளைகளைப் பாஞ்சாலையிடம் விட்டுவிட்டு மலைமேல் ஏறினேன். மகேனின் லோரி கொழுந்து மூட்டைகளுக்காகப் பாதையோரம் நின்றது. நான் முன்கதவைத் திறந்து அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். தப்பிக்க வழி இல்லை.

"மூக்குத்தி கெடைச்சிருச்சு. பாஞ்சாலை சேலையில இருந்துச்சு. ஏன்டா எடுத்தேன்னு சொன்ன?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்னுதான்கா."

"எது?"

"எல்லாரும் பாக்குறது."

எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நாலாம் வகுப்பில் வாத்தியார் பேனா காணாமல் போயிருக்கிறது. யார் எடுத்தது என்று வாத்தியார் கேட்டதும் இவனுக்கு முகம் சூடாகிச் சிவந்துவிட்டது. இவன் எடுக்கவில்லை. "மூஞ்சியே சொல்லுது பாரு" என்று ரோத்தான் பிரம்பால் விளாசிவிட்டார். பேனா மறுநாள் அவர் பையிலேயே கிடைத்தது. அன்றிலிருந்து நாலு பேர் பார்த்தால் போதும், சிவந்துவிடுமோ என்று பயம் வரும். அந்தப் பயத்திலேயே சிவக்கும்.

"காதுல ஆரம்பிக்கும்கா. அப்பறம் கன்னம், கழுத்து. எனக்கே கொதிக்கிறது தெரியும். அன்னைக்கு எடுக்கலன்னு சூடத்த அடிச்சிருப்பேன். மூஞ்சி செவந்து போயி அடிச்சா என்னா நெனைப்பீங்க? பொய்ச் சத்தியம்னுதானே? அம்மன் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணவன்னு பேரு வாங்குறதுக்கு, திருடன்னே பேரு வாங்கிக்கலாம்னு தோணிருச்சு."

அடப்பாவி! அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் போல ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவன் போட்ட கணக்கு தப்பே இல்லை. அன்றைக்கு அவன் சூடத்தை அடித்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா? லோரிக்குள் உட்கார்ந்தே அழுதுவிட்டேன். அவன் பயந்துபோய்த் துண்டை எடுத்து நீட்டினான்.

இராமையா அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. உடனே கமிட்டியைக் கூட்டினார். நம் ஆட்களுக்கு எதற்கும் ஒரே மருந்துதானே! திருவிழாவன்று மகேனை மேடையேற்றி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கில் மன்னிப்புக் கேட்பது என்று முடிவானது. அதைச் சொல்ல அவன் வீட்டுக்கு என்னையே அனுப்பினார்கள்.

"மேடையா?" என்று எழுந்தே நின்றுவிட்டான் மகேன். "வேணாங்கா. என்னையத் திருடனாவே விட்டுருங்க. பழகிப்போச்சு."

அடுப்பங்கரையிலிருந்து சாந்தினி வந்தாள். ஃபேக்டரியில் தேயிலைப் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. அதிர்ந்து பேசாத பெண்.

"உங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்குப் பழகல" என்றாள். "ஃபேக்டரி வேன்ல நா பக்கத்துல உக்காந்தா கைப்பையத் தூக்கி மடியில வச்சுக்கிறாங்க. பதினோரு நாளா ஒருத்தி எங்கிட்ட பேசல. நீங்க எடுத்துருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், அத எத்தன பேருகிட்ட போயி சொல்லுவேன்? உங்க வாயால நீங்க சொன்னீங்க, உங்க வாயாலதான் இல்லன்னு சொல்லணும். இல்லேன்னா இந்தக் கோயில் பக்கமே நா வர மாட்டேன்."

மகேன் வாசலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்த எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவன் முகம் உண்மையில் எப்படி இருந்தது? அவ்வளவு உற்றுப் பார்த்த எனக்கு அவன் குனிந்தது ஞாபகம் இருக்கிறது, கை நின்றது ஞாபகம் இருக்கிறது. சிவப்பு? சத்தியமாக ஞாபகம் இல்லை. சரி, மற்றவர்கள் பார்த்திருப்பார்களே என்று மறுநாள் ஒரு கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி: அன்றைக்கு மகேன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?

பதினேழு பேரைக் கேட்டேன். "வெளுத்துப்போச்சு" என்றார்கள் ஐந்து பேர். "லேசா சிரிச்சான்" என்றார் ஒருவர். "குல்லா போட்டிருந்தான், எங்க தெரிஞ்சிச்சு?" என்று சாதித்தார்கள் மூன்று பேர், குல்லாவே இல்லாத அன்றைக்கு! மிச்சப் பேருக்கு முகமே நினைவில்லை. ஆனால் கேள்வி கேட்ட மாத்திரத்தில் ஒவ்வொருவரும் தன் கதையை எடுத்துவிட்டார்கள், அதுதான் வேடிக்கை. பாஞ்சாலை காலையில் கோழி வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று தடவை கை கழுவியும் வாடை அடிக்கிறதோ, பக்கத்தில் நிற்பவள் மூக்கைச் சுளிக்கிறாளோ என்று அதே நினைப்பு. ஃபேக்டரியில் வேலை செய்யும் தினேஸ்வரன் முந்தின நாள் பீர் குடித்திருக்கிறான். "வாயத் தொறந்தா நாறும்னு மூச்சே விடல லா அக்கா. நீங்க என்னையவே மொறைச்சு பாத்தீங்களே, கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான். நான் அவனைப் பார்த்ததாகவே நினைவில்லை. இராமையா அண்ணனுக்குக் கை நடுங்குமாம். "தட்டு ஆடுறத எல்லாரும் பாத்தாங்களாம்மா? வயசாயிருச்சு, வேற பூசாரி பாக்கணும்னு பேசுனாங்களா?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

நோட்டை மகேனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லோரிக்குள்ளேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். திரும்ப முதலிலிருந்து படித்தான்.

"செவப்புன்னு ஒருத்தர்கூட சொல்லலையாக்கா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"நல்லா கேட்டீங்களா?"

"நல்லாத்தான்டா கேட்டேன். வேணும்னா நீயே போயி கேளு!"

அவனுக்கு ஆச்சரியம். கொஞ்சம் கோபமும்கூட என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை யாரும் தேடவே இல்லை என்றால் கோபம் வராதா? பொன்னாடைக்கு வருவாயா என்று கேட்டதற்கு மட்டும், "பாக்கலாம்கா" என்று லோரியைக் கிளப்பிவிட்டான்.

திருவிழாவன்று மத்தியான பூஜைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. மலையின் அந்தக் கோடியில் இருக்கிற கம்போங் ராஜாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மாலையும் பொன்னாடையும் தட்டில் காத்திருந்தன. மகேனைக் காணோம். இராமையா அண்ணன் என்னைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். அன்னதானத்துக்கு இலை போட ஆரம்பித்த பிறகு அவன் வந்தான். சாந்தினி ஒரு அடி பின்னால் வந்தாள்.

மாலையைத் தூக்கினார் இராமையா அண்ணன். மகேன் கையால் தடுத்தான். மைக்கை வாங்கினான். மைக் கீச்சென்று கத்தியது, பேசிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது.

இந்தத் தடவை நான் ஒழுங்காகப் பார்த்தேன். சிவந்தது. அவன் பொய் சொல்லவில்லை. காது மடலில் தொடங்கி, கன்னத்துக்கு வந்து, கழுத்து வரைக்கும் இறங்கியது.

"இப்ப என் மூஞ்சி செவந்திருக்கும்" என்றான். "நல்லா பாத்துக்குங்க. இது சும்மாவே செவக்கும். அன்னைக்கும் செவந்துச்சு. நீங்க தப்பா நெனைப்பீங்கன்னு பயந்து நாந்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன். அது பொய். அம்மா முன்னால நா சொன்ன பொய் அது ஒன்னுதான்." திரும்பினான். "ஐயா, சூடம் ஏத்துங்க."

யாரும் அவனிடம் சத்தியம் கேட்கவில்லை. மூக்குத்தி அம்மன் முகத்தில் இருந்தது. இருந்தும் இராமையா அண்ணன் நடுங்கும் கையால் சூடம் ஏற்றினார். "நா எடுக்கல" என்று சொல்லி மகேன் ஓங்கி அடித்தான். சாந்தினி தலை குனியாமல் நின்றாள்.

அடுத்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மைக் என் கைக்கு வந்தது. நான் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள், நாலு வரி எழுதியும் வைத்திருந்தேன். எதிரே அத்தனை பேர். காது திகுதிகுவென்று எரிந்தது. கன்னம் கொதித்தது. அவனைத் திருடன் என்று நாலு பேரிடம் சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மன்னிச்சிரு தம்பி. சாந்தினி, நீயும் மன்னிச்சிரும்மா. தப்பு என்னுதுதான்" என்று எப்படியோ சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன். எழுதி வைத்த நாலு வரி ஜாக்கெட்டுக்குள் நனைந்து கிடந்தது.

பெண்கள் பக்கம் நின்ற சாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாந்தினி, நான் பேசும்போது என் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சா? எல்லாரும் பாத்தாங்களா?"

"தெரியலையேக்கா" என்றாள். கண் என் பக்கம் திரும்பவே இல்லை. "நா அவரத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."